விசா வேண்டாம் என்றால் வேறு என்ன வேண்டும்?

விடுமுறைக் காலம் நெருங்குவதால் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுப் பயணத்தைப் பற்றியவை. 'விசா இல்லாமலே போகலாமாமே' என்ற தொடர் அவற்றுள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருப்பதால், இந்த இதழில் அந்த ஒரு பொருளுக்கு மட்டுமே இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: மலேசியாவுக்கு விசா தேவையில்லை என்று கேள்விப்பட்டு, குடும்பத்தோடு பத்து நாள் சென்றுவரத் தீர்மானித்திருக்கிறோம். பயண முகவரோ திரும்பி வரும் டிக்கெட், விடுதி முன்பதிவு, ஏதோ ஓர் இணையப் படிவம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். விசாவே வேண்டாத நாட்டுக்கு இவையெல்லாம் எதற்கு? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: முகவர் கேட்பது நியாயம்தான். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியாவுக்குள் நுழைந்து 30 நாள் வரை தங்கலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. விசா இருந்த காலத்தில் உங்கள் பாஸ்போர்ட், பணவசதி, பயண நோக்கம், திரும்பும் தேதி ஆகியவற்றைத் தூதரகம் புறப்படுவதற்கு முன்பே ஆராய்ந்து ஒரு முடிவு சொல்லிவிடும். இப்போது அந்த ஆராய்ச்சி நின்றுவிடவில்லை, விமான நிலையத்தில் உள்ள இரண்டு மேசைகளுக்கு இடம் மாறியிருக்கிறது.

முதல் மேசை, நம் ஊரில் போர்டிங் பாஸ் தரும் விமான நிறுவனத்தினுடையது. நுழைவு மறுக்கப்பட்ட பயணியைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பு அவரை ஏற்றிச்சென்ற நிறுவனத்தின் தலையில் விழுவதாலும், பல நாடுகளில் அபராதமும் கட்ட நேர்வதாலும், அங்கிருக்கும் ஊழியர் கண்டிப்பாகத்தான் இருப்பார். சென்ற ஆண்டு திருச்சி விமான நிலையத்தில் எனக்கு முன்னால் ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பம் நின்றது. பாட்டியின் பாஸ்போர்ட்டைப் புரட்டிய பெண், காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டு விரல்விட்டு மாதங்களை எண்ணினார். நான்கரை மாதம்தான் வந்தது. நாட்டுக்குள் நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும் என்பதை அந்தக் குடும்பத்துக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பேத்தியின் வளைகாப்புக்காகக் கட்டி எடுத்துவந்த முறுக்கு டப்பாவை மகனிடம் கொடுத்துவிட்டுப் பாட்டி ஊர் திரும்பினார்.

இரண்டாவது மேசை, கோலாலம்பூரில் உள்ள குடிநுழைவு அதிகாரியுடையது. உள்ளே விடுவதா வேண்டாமா என்ற இறுதி முடிவு அவருடையது. விசா விலக்கு அந்த அதிகாரத்தைப் பறிப்பதில்லை. எத்தனை நாள் தங்குவீர்கள், எங்கே தங்குவீர்கள், எப்போது திரும்புகிறீர்கள், செலவுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்பவைதான் அவர் கேட்கக்கூடியவை. உறவினர் வீட்டில் தங்குவதானால் அவருடைய முழு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்; 'மாமா வெளியே காத்திருக்கிறார்' என்ற பதில் அந்த மேசையில் எடுபடுவதில்லை. திரும்பும் டிக்கெட் உண்மையானதாக இருக்க வேண்டும். சிலர் பணம் கட்டாத முன்பதிவு ஒன்றை அச்சிட்டுக் கொடுத்து 'காட்டினால் போதும்' என்பார்கள். அந்த எண்ணைக் கணினியில் தட்டிப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.

இணையப் படிவம் என்று அவர் சொல்வது மலேசிய மின்னியல் வருகை அட்டை. போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் அதை நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. முகவர் தம் உழைப்புக்கு ஏதேனும் கேட்டால் அது வேறு விஷயம். 'அரசுக் கட்டணம்' என்று கேட்டால் கொடுக்காதீர்கள். இன்னொன்று: இடையில் ஒரு நாள் சிங்கப்பூரையும் எட்டிப் பார்த்துவிடலாம் என்ற எண்ணம் இருந்தால், இந்தியர்களுக்குச் சிங்கப்பூர் விசா முன்கூட்டியே வேண்டும்.

கேள்வி: என் தந்தைக்கு 68 வயது, தாய்க்கு 62. நேபாளத்தில் உள்ள திருச்சாளக்கிராமமான முக்திநாத்தைச் சேவிக்க வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் ஆசை. இருவருக்கும் பாஸ்போர்ட் இல்லை. ஆதார் அட்டை மட்டும் போதும் என்று யாத்திரைக் குழுவினர் சொல்கிறார்கள். நம்பலாமா? (வாசகர், ஸ்ரீரங்கம்)

பதில்: தந்தையைப் பொறுத்தவரை நம்பலாம்; தாயைப் பொறுத்தவரை நம்பக் கூடாது.

இந்தியாவும் நேபாளமும் 1950 ஜூலை 31 அன்று காத்மாண்டுவில் கையெழுத்திட்ட அமைதி, நட்புறவு ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவு, இரு நாட்டுக் குடிமக்களும் மற்ற நாட்டில் நடமாடவும் வசிக்கவும் தொழில் செய்யவும் பரஸ்பரம் உரிமை தருகிறது. அண்மைக் காலத்துச் சுற்றுலாச் சலுகைகளைப் போல 'இந்த டிசம்பர் வரை' என்ற கெடு எதுவும் அதற்கு இல்லை. ஆயினும் நீங்கள் இந்தியக் குடிமகன் என்பதைக் காட்ட ஒரு சான்று தேவை. பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையம் வழங்கிய வாக்காளர் அடையாள அட்டை என்ற இரண்டே அதற்குப் பொதுவாக ஏற்கப்படுபவை. 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் 15 வயது நிரம்பாதவர்களுக்கும் மட்டும் ஆதார், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்ற புகைப்படச் சான்று போதும் என்ற தளர்வு உண்டு. 62 வயதான உங்கள் தாய் இந்தத் தளர்வுக்குள் வரமாட்டார். யாத்திரைக் குழுவினர் வழக்கமாக அழைத்துச் செல்வது எழுபதைக் கடந்தவர்களை என்பதால், ஆதாரே எல்லோருக்கும் போதும் என்ற எண்ணம் அவர்களிடம் படிந்துவிட்டது போலும்.

ஆகவே தாயின் வாக்காளர் அட்டையைத் தேடி எடுங்கள். அசல் அட்டையே கையில் இருக்க வேண்டும். எடுத்ததும் அதில் உள்ள பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். நம்மவர்களுக்கு உள்ள தனித் தொல்லை இது. வாக்காளர் அட்டையில் 'ரங்கநாயகி' என்று மட்டும் இருக்கும், கணவர் பெயர் அடுத்த வரியில் இருக்கும், ஆதாரில் 'ஆர். ரங்கநாயகி' என்றிருக்கும், டிக்கெட் எடுக்கிறவர், குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட முடியாததால் தலைப்பெழுத்தை விரித்து 'ரங்கநாயகி ராகவன்' என்று போட்டுவிடுவார். எந்தச் சான்றைக் காட்டப் போகிறீர்களோ அதில் உள்ளபடியே டிக்கெட்டில் பெயர் இருக்கட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உடன் வருகிறவர்களில் யாரேனும் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றிருந்தால் இந்த ஒப்பந்தம் அவரைக் காக்காது. அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பேரன், வெளிநாட்டு இந்தியக் குடிமகன் (ஓ.சி.ஐ.) அட்டை வைத்திருந்தாலும், நேபாள விசா எடுத்தே தீர வேண்டும். காத்மாண்டு விமான நிலையத்தில் இறங்கியதும் அதைப் பெற்றுக்கொள்ளலாம். உங்கள் பெற்றோருக்கும் முக்திநாத் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் இருப்பதால் தனியே ஓர் அனுமதிச் சீட்டு தேவைப்படும். இது விசா இல்லை. யாத்திரைக் குழுவினரே பணம் கட்டி வாங்கிவிடுவார்கள்.

நேபாள ரூபாய் நம் ஒரு ரூபாய்க்கு 1.60 என்ற நிலையான விகிதத்தில் கட்டப்பட்டிருக்கிறது. நம் பெரிய நோட்டுகளுக்கு அங்கே நெடுங்காலம் கட்டுப்பாடு இருந்ததால், செலவுக்கு 100 ரூபாய்த் தாள்களை எடுத்துச் செல்வதே சிக்கலற்றது. கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: கோவில் 3,700 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்கு விமானத்தில் போய் அன்றே மேலேறிவிடலாம் என்று திட்டம் போட்டுக் கொடுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஜோம்சோமில் ஓர் இரவாவது தங்கட்டும். கோவிலில் உள்ள 108 நீர்த்தாரைகளிலும் நனைவதா என்பதை மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். தண்ணீர் பனிக்கட்டி போல் இருக்கும்.

கேள்வி: இந்தியர்கள் விசா இல்லாமல் செல்லக்கூடிய ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் பட்டியல் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. இலங்கை, கென்யா, இந்தோனேசியா எல்லாம் அதில் இருக்கின்றன. உண்மைதானா? (வாசகர், மதுரை)

பதில்: பெயர்கள் பெரும்பாலும் சரியாக இருக்கும், தலைப்புதான் தவறு. பாஸ்போர்ட்டுகளை வரிசைப்படுத்தும் ஹென்லி குறியீடு போன்றவை, போய் இறங்கியதும் தரப்படும் விசாவையும் மின்னணுப் பயண அனுமதியையும் 'முன்விசா தேவையில்லை' என்ற ஒரே கூடையில் போட்டு எண்ணுகின்றன. அந்த எண்ணைப் பத்திரிகைகள் எடுத்தாள, வாட்ஸ்அப்புக்கு வரும்போது கூடையில் இருப்பவை எல்லாம் 'விசா இல்லாத நாடுகள்' ஆகிவிடுகின்றன.

நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று விதம். இந்தோனேசியாவில் விமான நிலையத்திலேயே 5,00,000 ருப்பியா கட்டி விசா பெற வேண்டும். கென்யா 2024 ஜனவரியில் விசாவையே ஒழித்துவிட்டதாக அறிவித்துவிட்டு, அதற்குப் பதிலாக 30 டாலர் கட்டணத்தில், புறப்படும் முன்பே விண்ணப்பித்துப் பெற வேண்டிய மின்னணு அனுமதியைக் கொண்டுவந்தது. விசா போய் விசாவின் தம்பி வந்திருக்கிறான், அவ்வளவுதான். கென்யா சென்றுவருவோருக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றும் வேண்டும். அதைப் போட்டு 10 நாள் ஆன பிறகே சான்று செல்லும் என்பதால் கிண்டி கிங் நிலையத்துக்கு முன்னதாகவே சென்றுவிடுங்கள். இலங்கை இந்தியர்களுக்கு அவ்வப்போது அறிவிப்பது இலவச விசாவை. இலவசம் என்றால் கட்டணம் இல்லை என்று பொருளே தவிர, விண்ணப்பம் இல்லை என்று பொருளில்லை.

முன்கூட்டி எந்த விசாவும் கேட்காமல் அனுமதிக்கும் நாடுகள் என்றால் நேபாளம், பூட்டான், மொரிஷியஸ், மலேசியா, 14 நாளுக்குக் கஜகஸ்தான், 2025 ஜூன் முதல் அதே 14 நாளுக்குப் பிலிப்பைன்ஸ் என்று சொல்லிக்கொண்டு போகலாம். எந்தப் பட்டியலையும் டிக்கெட் எடுக்கும் நாளில் அந்த நாட்டின் அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். செர்பியா நமக்கு அளித்திருந்த விலக்கை 2023 ஜனவரி 1 முதல் நீக்கிவிட்டது. அதைச் சேர்த்தே இன்றும் பட்டியல்கள் சுற்றுகின்றன.

கேள்வி: என் தம்பிக்குத் தாய்லாந்தில் கணினித் தட்டச்சு வேலை, மாதம் ஒரு லட்சம் சம்பளம் என்கிறார் ஒருவர். விசா தேவையில்லை, பேங்காக்கில் இறங்கியதும் நிறுவனத்தின் கார் வந்து அழைத்துச் செல்லும் என்கிறார். அனுப்பலாமா? (வாசகி, விழுப்புரம் மாவட்டம்)

பதில்: அனுப்ப வேண்டாம். 2023 நவம்பரில் தாய்லாந்து இந்தியர்களுக்கு அளித்த விசா விலக்கு சுற்றுலாவுக்கானது. அங்கே சம்பளத்துக்கு வேலை செய்ய வேண்டுமானால் வேலைக்கான விசாவும் தொழில் அனுமதியும் வேண்டும். உண்மையான முதலாளி அவற்றுக்கு உரிய தாள்களை அனுப்பாமல் ஆளை வரச்சொல்ல மாட்டார்.

அந்தக் கார் எங்கே போகும் என்பதுதான் என் கவலை. இப்படி அழைக்கப்பட்ட பலர் பேங்காக்கிலிருந்து மே சோட் என்ற எல்லை ஊருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, மோய் ஆற்றைக் கடந்து மியான்மரின் மியாவடி பகுதியில் உள்ள வளாகங்களில் அடைக்கப்பட்டார்கள்; அங்கே அவர்களுக்கு இடப்பட்ட வேலை, இணையவழி மோசடி. 2025 மார்ச்சில் 500க்கும் மேற்பட்ட இந்தியர்களை மே சோட்டிலிருந்து விமானப்படை விமானங்களில் மீட்டுவர வேண்டியிருந்தது. ஈரானிலும் இதே கதைதான். 2024 பிப்ரவரியில் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு அந்நாடு அளித்த விலக்கைக் காட்டி வேலை தேடுவோரை வரவழைத்து, கடத்திப் பணம் பறிக்கும் கும்பல்கள் கிளம்பியதால், 2025 நவம்பர் 22 முதல் அந்த விலக்கே நிறுத்தப்பட்டது.

ஆள் அனுப்பும் முகவர் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடுங்கள். எண் கேட்டதும் அவர் கோபித்துக்கொண்டால் உங்கள் தம்பி தப்பித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விசா இல்லாமல் தங்கும் 30 நாள் முடிவதற்குள் அண்டை நாட்டுக்கு ஒருநாள் போய்த் திரும்பினால் மீண்டும் 30 நாள் கிடைக்குமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: ஒருமுறை கிடைக்கலாம், உரிமையாகக் கேட்க முடியாது. பாஸ்போர்ட்டின் முத்திரைகளைப் புரட்டும் அதிகாரிக்கு இந்த உத்தி நன்றாகத் தெரியும். கஜகஸ்தான் இதற்கு இடமே கொடுக்காமல், 180 நாளில் மொத்தம் 42 நாள் என்று வரம்பு கட்டியிருக்கிறது. நாள் கணக்கில் வந்திறங்கும் நாளும் சேரும், இரவு 11.40க்கு இறங்கினாலும் அது முதல் நாளே. தாய்லாந்தில் அனுமதிக்கு மேல் தங்கும் நாள் ஒன்றுக்கு 500 பாட் அபராதம், உச்சவரம்பு 20,000 பாட்; நாட்கள் மிக நீண்டால் மறுநுழைவுத் தடையும் உண்டு.

கேள்வி: பூட்டானுக்கு ஆதார் போதுமா? (வாசகர், சேலம்)

பதில்: போதாது. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். விசா இல்லையே தவிர, நுழைவு அனுமதி உண்டு; நிலைத்த வளர்ச்சிக் கட்டணமாக ஆளுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாயும் உண்டு. 6 முதல் 12 வயது வரை பாதி, அதற்குக் கீழே இல்லை. நான்கு பேர் ஐந்து இரவு தங்கினால் 24,000 ரூபாய் ஆகிறது. பல நாடுகளின் விசாக் கட்டணத்தைவிட இது அதிகம் என்பதைக் கணக்குப் போட்டுவிட்டு ரயில் டிக்கெட் எடுங்கள்.

கேள்வி: மொரிஷியஸில் தைப்பூசம் பார்க்க ஆசை. விசா வேண்டாம் என்பது சரியா? (வாசகி, நாகப்பட்டினம்)

பதில்: சரி. திரும்பும் டிக்கெட்டும் தங்குமிட முகவரியும் கையில் இருக்கட்டும். அவர்களுடைய இணையப் பயணப் படிவத்தைப் புறப்படும் முன் நிரப்பிவிடுங்கள். தைப்பூசக் காவடி அங்கே அரசு விடுமுறை என்பதால் வங்கிகள் திறந்திருக்காது. பணத்தை முதல் நாளே மாற்றிக்கொள்ளுங்கள். கைக்கு வரும் நோட்டில் அதன் மதிப்பைத் தமிழிலும் படிக்கலாம்.