விண்மீன் சரிதான், பிராக்கெட் எப்படி?: ஐ.என்.எஸ் அலைன்மென்ட் கேள்வி-பதில்

ஐ.என்.எஸ் என்பது சுழற்சியை உணரும் ஜைரோவையும் முடுக்கமானியையும் வைத்துத் திசையும் இருப்பிடமும் கணக்கிடும் கருவி. அதன் திசையைச் சரியாகப் பொருத்துவதுதான் அலைன்மென்ட். இந்த முறை வந்த கடிதங்களில் மூன்றில் ‘5 நொடி பிழை’ என்று இருக்கிறது. நேர நொடியா, கோண நொடியா? ஒரு நேர நொடியில் பூமி 15 கோண நொடி சுழன்றுவிடும். தெரியாமல் பதில் சொன்னால் பதினைந்து மடங்கு தப்பாகும். இனி இந்தப் பகுதியில் நேரத்துக்கு நொடி, கோணத்துக்குக் கலையும் விகலையும் (ஒரு டிகிரிக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை; கோண நொடியும் விகலையும் ஒன்றுதான்). அலகே எழுதாத கடிதங்களை ஒதுக்கிவிட்டேன்.

கே: ஸ்டார் டிராக்கரை (நட்சத்திரங்களைப் பார்த்துத் தன் திசையைச் சொல்லும் கேமரா) இணைத்த பிறகு தீர்க்கரேகை சரியாக 30 டிகிரி தள்ளி வருகிறது. ஜைரோ கெட்டுவிட்டதா?

பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது, 30-ஐ 15-ஆல் வகுத்துப் பாருங்கள். இரண்டு மணி நேரம். யூடிசி (உலகப் பொது நேரம்) கேட்கும் இடத்தில் உங்கள் ஊர் நேரத்தைக் கொடுத்திருக்கிறீர்கள். ஜைரோ பாவம், விட்டுவிடுங்கள்.

கே: அசையாமல் நிறுத்தி வைத்தால் ஜைரோவே வடக்கைக் கண்டுபிடித்துவிடுகிறது. அப்புறம் எதற்கு நட்சத்திரம்?

நிறுத்தி வைக்க முடிந்தால், அந்தத் துல்லியம் போதுமென்றால், வேண்டாம்தான். ஜைரோ வடக்கைப் பிடிப்பது பூமிச் சுழற்சியை உணர்ந்து. கிழக்கு அச்சு ஜைரோவின் டிரிஃப்ட் (இல்லாத சுழற்சியை இருப்பதாகக் காட்டும் பிழை) மணிக்கு 0.01 டிகிரி என்றால் நிலநடுக்கோட்டில் வடக்கு 2 கலைக்குக் கொஞ்சம் மேல் தப்பும். 60 டிகிரி அட்சரேகையில் அது இரட்டிப்பு. துருவத்தில் பூமிச் சுழற்சிக்குக் கிடைமட்டக் கூறே கிடையாது, ஜைரோ பிடித்துக்கொள்ள எதுவும் மிஞ்சாது. அலையில் ஆடும் கப்பலில், மணிக்கு 15 டிகிரி என்ற அந்த மெல்லிய சுழற்சியை ஆட்டத்திலிருந்து பிரித்தெடுப்பதற்குள் விடிந்துவிடும். நட்சத்திரத்துக்கு இந்தக் கவலைகள் இல்லை. அதன் கவலை மேகம்.

கே: துருவ நட்சத்திரம் ஒன்றை மட்டும் பார்த்தால் போதாதா?

போதாது. ஒரு நட்சத்திரம் இரண்டு கோணங்களைத்தான் தரும். அதை நோக்கிய கோட்டை அச்சாக வைத்து நீங்கள் எவ்வளவு சுழன்றிருக்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. இன்னொன்று வேண்டும், அதுவும் நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும். போதாக்குறைக்கு, துருவ நட்சத்திரம் உண்மையான துருவத்திலிருந்து அரை டிகிரிக்கு மேல் விலகி நிற்கிறது.

அப்போலோ பயணங்களில் செக்ஸ்டன்ட் வழியாக இரண்டு நட்சத்திரங்களைக் குறிபார்த்துத்தான் அலைன்மென்ட் செய்தார்கள். இரண்டுக்கும் இடையில் அளந்த கோணத்துக்கும் பட்டியலில் உள்ள கோணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணினி காட்டும். ஐந்து பூஜ்யம் வந்தால் சந்தோஷம். நீங்களும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். இரண்டு நட்சத்திரங்களுக்கு இடையிலான கோணம் உங்கள் ஐ.என்.எஸ் எப்படிச் சாய்ந்திருந்தாலும் மாறாது. அது பொருந்தவில்லை என்றால் தப்பான நட்சத்திரத்தைப் பிடித்திருக்கிறீர்கள்.

கே: பட்டியலோடு ஒப்பிட்டால் எல்லா நட்சத்திரமும் ஒரே பக்கமாக 20 கலைக்கு மேல் விலகியிருக்கிறது.

ஜே2000 பட்டியலை (2000-ஆம் ஆண்டின் பூமி அச்சை வைத்து எழுதிய நட்சத்திரப் பட்டியல்) அப்படியே இன்றைய பூமி அச்சோடு பொருத்தியிருக்கிறீர்கள். ஆண்டுக்கு 50 விகலை அயனச்சலனம் (பூமி அச்சு மெல்லத் திசை மாறுவது), கால் நூற்றாண்டு. பெருக்கிக்கொள்ளுங்கள். அதைத் திருத்திய பிறகும் ஆண்டு முழுக்க ஒரு 20 விகலை சுற்றிச் சுற்றி வரும். அது ஒளிப்பிறழ்ச்சி (பூமி ஓடுவதால் நட்சத்திரம் இடம் மாறித் தெரிவது), அதையும் திருத்துங்கள். தரையிலிருந்து பார்ப்பவர்களுக்குக் காற்றின் ஒளிவிலகலும் உண்டு: 45 டிகிரி உயரத்தில் சுமார் 1 கலை.

கே: புதிய டிராக்கரின் துல்லியம் 3 விகலை என்று டேட்டாஷீட் சொல்கிறது. ஐ.என்.எஸ்ஸோடு ஒப்பிட்டால் காலையில் ஓர் அளவு, மதியம் வேறு அளவு, 40 விகலை வரை ஆடுகிறது. திருப்பி அனுப்பிவிடலாமா?

அனுப்பாதீர்கள். உங்கள் கடிதம் இரண்டு பக்கம். டிராக்கரும் ஐ.எம்.யூ-வும் (ஐ.என்.எஸ்ஸில் ஜைரோவும் முடுக்கமானியும் இருக்கும் பகுதி) எதன்மேல் உட்கார்ந்திருக்கின்றன என்று அதில் ஒரு வரி இல்லை. யாருமே எழுதுவதில்லை. ஃபில்டரில் (அளவீடுகளைச் சேர்த்து விடையைக் கணிக்கும் நிரல்) எத்தனை ஸ்டேட் (அது கணிக்கும் அளவுகள்) என்று எழுதுகிறார்கள், கேமராவின் பிக்சல் அளவை எழுதுகிறார்கள், நடுவில் இருக்கும் அந்த அலுமினியத் துண்டை, பிராக்கெட்டை, மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

டிராக்கர் சொல்வது தன் திசையை. ஐ.எம்.யூ-வின் திசையை அல்ல. இரண்டுக்கும் இடையிலான கோணம் நேற்று அளந்ததுதான் இன்றும் என்று நீங்கள் நம்புகிறீர்கள், அவ்வளவுதான். அலுமினியம் ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு 23 மைக்ரான் நீளும். 10 செ.மீ. உயரத்தில் இரண்டு கால்கள், 10 செ.மீ. இடைவெளி. ஒரு காலில் வெயில், மற்றது நிழலில், வித்தியாசம் 8 டிகிரி என்று வையுங்கள். மேல்தட்டு கிட்டத்தட்ட 40 விகலை சாய்ந்துவிடும். உங்கள் எண் வந்துவிட்டதா?

எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. ஒருமுறை கனெக்டர் மாற்றுவதற்காக நான்கு திருகுகளைக் கழற்றித் திரும்ப மாட்டினோம். மறுநாள் கோணம் 40 விகலை தள்ளி நின்றது. இரண்டு வாரம் ஜைரோவைத் திட்டினேன், ஃபில்டரைக் குடைந்தேன். கடைசியில் பார்த்தால் ஒரு காலுக்கு அடியில் பெயின்ட் செதில் ஒன்று, 0.02 மி.மீ. இருக்கும். நகத்தால் சுரண்டினேன், சரியாகிவிட்டது.

முடிந்தால் இரண்டையும் ஒரே தட்டில், ஒரே துண்டாகக் கடைந்த தளத்தில் பொருத்துங்கள். இடம் மாறாமலிருக்க டோவல் பின் போடுங்கள். தட்டின் வெப்பநிலையைப் பதிவு செய்யுங்கள். பொருத்துக் கோணத்தை ஃபில்டரே கண்டுபிடித்துக்கொள்ளும் என்று சிலர் நினைக்கிறார்கள். அசையாமல் நிற்கும்போது பொருத்துக் கோணப் பிழையையும் ஐ.எம்.யூ-வின் சாய்வுப் பிழையையும் எந்த ஃபில்டராலும் முழுதாகப் பிரிக்க முடியாது. குறைந்தது இரண்டு வெவ்வேறு அச்சுகளில் திருப்புங்கள். ஜைரோ உணர்ந்த சுழற்சியையும் டிராக்கர் பார்த்த சுழற்சியையும் ஒப்பிட்டால் கோணம் வெளியே வரும். திருகைத் தொட்டால் திரும்பவும் காலிபரேட் செய்யுங்கள். ஒரே ஒரு திருகு என்றாலும்.

கே: ஜிபிஎஸ் இல்லாமல் நட்சத்திரத்தை வைத்தே இருப்பிடத்தைச் சொல்லிவிடலாமா?

நட்சத்திரமும் நேரமும் சேர்ந்தால் பூமியைச் சார்ந்து நீங்கள் எப்படித் திரும்பியிருக்கிறீர்கள் என்று தெரியும். இருப்பிடத்துக்கு ‘கீழே’ எது என்றும் தெரிய வேண்டும். அதைச் சொல்வது முடுக்கமானி. அதில் 50 மைக்ரோ-ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்து லட்சத்தில் 50 பங்கு) பயஸ் (நிலையான பிழை) இருந்தால் ‘கீழே’ 10 விகலை தப்பும், தரையில் 300 மீட்டர். நேரத்திலும் கவனம்: யூடிசிக்கும் பூமியின் உண்மையான சுழற்சி நேரமான யூடி1-க்கும் 0.9 நொடி வரை இடைவெளி இருக்கலாம், நிலநடுக்கோட்டில் 400 மீட்டர்.

தலைகீழாகவும் பயன்படுத்தலாம். இருப்பிடம் தெரிந்த இடத்தில் நின்றால் சாய்வை நட்சத்திரம் தனியாகச் சொல்லிவிடும். சாதாரண அலைன்மென்ட்டில் சாய்வோடு ஒட்டிக்கொண்டு பிரியவே பிரியாத முடுக்கமானி பயஸ் அப்போது தனியே வரும். மலைப்பகுதியில் புவியீர்ப்பே பல விகலை சாய்ந்திருக்கும், அதை பயஸ் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

கே: பகலில் நட்சத்திரம் தெரியுமா?

தெரியும். எஸ்ஆர்-71 உளவு விமானத்தின் டிராக்கர் பகலிலும் பிடித்தது. 20 கி.மீ.க்கு மேலே வானம் கறுப்பு. தரையில் கஷ்டம். குறுகிய பார்வைக்களமும் அகச்சிவப்பும் உதவும்: அலைநீளம் மூன்று மடங்கானால் காற்றுச் சிதறல் ஏறக்குறைய 80-ல் ஒரு பங்காகும்.

கே: கால்மன் ஃபில்டரில் ஆர் மதிப்பை (அளவீட்டில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று நாம் ஃபில்டருக்குச் சொல்லும் எண்) ஆயிரத்தில் ஒரு பங்காக்கினேன், கிராஃப் அழகாக வருகிறது.

கிராஃப் அழகாக வரும். பிழையும் அப்படியே இருக்கும்.

கே: கப்பலில் டிராக்கரின் விடை 3 கலை அளவுக்கு முன்னும் பின்னும் ஆடுகிறது. பிராக்கெட் உறுதியானது (சோதித்துவிட்டேன்!).

நன்றி. கப்பல் நொடிக்கு 5 டிகிரி உருள்கிறது என்றால் 10 மில்லிநொடி நேரப் பிழையே 3 கலை. உருளும் வேகத்தோடு பிழையும் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள், அப்படியென்றால் படத்தோடு பதியும் நேரம், அதாவது டைம்-ஸ்டாம்ப்தான். அடுத்த முறை எழுதும்போது, அந்த நேரம் எக்ஸ்போஷரின் தொடக்கமா, நடுவா, முடிவா என்றும் சொல்லுங்கள்.