தினமும் நடந்தும் எடை குறையவில்லையா?

தோழி, இரண்டு மாதமாக தினமும் 40 நிமிடம் நடந்தும் எடை அசையவில்லை, ஸ்கிப்பிங் செய்தால் முழங்கால் வலிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் ஸ்கிப்பிங்கை நிறுத்துங்கள். கலோரி அதிகம் எரியும்தான், ஆனால் வலியோடு குதிக்கவே வேண்டாம். 70 கிலோ உள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் ஏறக்குறைய 150 கலோரி செலவாகும். அதையே மேட்டில் ஏறி நடந்தால் கணிசமாகக் கூடும். இறங்கும்போது மட்டும் நிதானம் தேவை, முழங்காலுக்குச் சிரமம் அங்கேதான். சமதரைதான் இருக்கிறதென்றால், 1 நிமிடம் மூச்சு வாங்கும் வேகம், 2 நிமிடம் மெதுநடை என்று 8 சுற்று போய்ப் பாருங்கள். அப்புறம், வாரம் 2 நாள் எடை தூக்கும் பயிற்சி. நம்மில் பலர் தவிர்ப்பது இதைத்தான், ஆனால் எடை குறையும்போது தசை கரையாமல் காப்பதும் இதுதான். வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.