இறுகிப்போன நியூட்ரல் சுவிச்சைக் கழற்றலாம், வயரை முறுக்கிவிட்டு ஓட வேண்டாம்

உங்கள் கேள்வியில் இரண்டு விடயங்கள் இருக்கின்றன. பழைய ஓட்டோமற்றிக் வாகனத்தின் நியூட்ரல் சேஃப்டி சுவிச் (கியர் போட்டபடி இருக்கும்போது இயந்திரம் ஸ்ரார்ட் ஆகாமல் தடுப்பது) கறள் பிடித்து இறுகிவிட்டது, எப்படிக் கழற்றுவது என்பது ஒன்று. கழற்ற முடியாவிட்டால் அந்த இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கிவிட்டு ஓடலாமா என்பது மற்றது. இரண்டாவதற்குத்தான் முதலில் பதில்: வேண்டாம்.

நீங்கள் குளிர் நாட்டில் இருப்பவர் என்று நினைக்கிறேன். வீதிக்கு உப்புப் போடும் இடங்களில்தான் இந்தச் சுவிச் இப்படி இறுகும். கராஜில் காட்டியிருப்பீர்கள், அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டபின் வயர் யோசனை வந்திருக்கும். அதில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்களுக்கு முன்னால் இதே யோசனை வந்த ஒருவரிடம்தான் நான் வாகனம் வாங்கினேன்.

1998ஆம் ஆண்டு ஜீப் செரோக்கி. ஒன்ராறியோவில் ஓடியது. விற்றவர், "பின்னுக்கு எடுக்கும்போது லைற் எரியாது, பல்ப் மட்டும் மாற்றுங்கோ" என்றார். பல்ப் மாற்றினேன், எரியவில்லை. பனிக்காலம் தொடங்கியிருந்ததால் வசந்தத்தில் பார்க்கலாம் என்று இருந்தோம். ஒரு காலை என் மனைவி வாகனத்தைச் சற்றுப் பின்னால் எடுத்தபின், பனியை ஒதுக்குவதற்காக இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கியிருக்கிறார். கியர் றிவேர்ஸிலேயே இருந்திருக்கிறது. திரும்ப ஏறிச் சாவியைத் திருப்பினார். இயந்திரம் உடனே பிடித்து, ஜீப் பின்னால் பாய்ந்து குப்பைத் தொட்டிகளை நசுக்கிக்கொண்டு போய் நின்றது. அந்தத் தொட்டிகளுக்குப் பக்கத்தில்தான் எங்கள் மகள் பள்ளிக்கூட பஸ்ஸுக்காக நிற்பாள். அன்று வீட்டுக்குள் கையுறை தேடிக்கொண்டிருந்தாள்.

மனைவியில் ஒரு பிழையும் இல்லை. மனிதர் கியரை மறப்பார்கள் என்பதற்காகத்தான் அந்தச் சுவிச்சே இருக்கிறது. பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டுமே, இயந்திரத்தைச் சுழற்றி ஸ்ரார்ட் செய்யும் மோட்டரான ஸ்ரார்ட்டருக்கு மின்சாரம் போகும். வேறு எந்த இடத்தில் கியர் இருந்தாலும் சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்கக்கூடாது. பொனட்டைத் திறந்து வயர்களைத் தொடர்ந்து பார்த்தேன். சுவிச்சுக்குப் போகும் இரண்டு வயரை வெட்டி, ஒன்றாக முறுக்கி, கறுப்பு ரேப் சுற்றி வைத்திருந்தார்கள். றிவேர்ஸ் லைற் எரியாததும் அந்தச் சுவிச் பழுதாகிக் கிடந்ததால்தான். அந்த லைற்றும் இதே சுவிச்சின் வழியாகத்தான் வருகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. ஒன்ராறியோவில் பழைய வாகனம் கைமாறும்போது பாதுகாப்புச் சான்றிதழ் எடுக்க வேண்டும், அது 36 நாட்களுக்குச் செல்லும். இந்த ஜீப்புக்கும் ஒரு கராஜ் அதைக் கொடுத்திருந்தது. றிவேர்ஸ் லைற் எரிகிறதா என்று பார்க்க ஒருவர் பின்னால் நின்றால் போதும், கருவி எதுவும் தேவையில்லை. அதைக்கூடச் செய்யாமல் கையெழுத்துப் போட்டுக் காசு வாங்கியிருக்கிறார்கள். அந்தத் தாளை நம்பித்தானே சனம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது? நேர்மையாக வேலை செய்யும் கராஜ்கள் நிறைய இருப்பது எனக்கும் தெரியும், எல்லோரையும் சொல்லவில்லை.

சரி, சுவிச்சுக்கு வருகிறேன். 1987 முதல் 2001 வரை 4.0 லீற்றர் இயந்திரத்தோடு வந்த ஓட்டோமற்றிக் செரோக்கிகளில் இருப்பது ஐசின் நிறுவனத்தின் ஏடபிள்யூ4 கியர்பொக்ஸ். டொயோட்டாவின் ஏ340 குடும்பமும் இதுவும் உறவு என்பதால் பழைய ஃபோர்ரன்னர் வைத்திருப்பவர்களுக்கும் இந்த வேலை ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். கியர்பொக்ஸின் வலப்பக்கத்தில் ஓர் இரும்புத் தண்டு வெளியே வருகிறது. சுவிச் அந்தத் தண்டில் வளையம்போல ஏறி உட்கார்ந்திருக்கும். உள்ளே தண்டோடு சேர்ந்து சுழலும் ஒரு துண்டு உண்டு. தண்டுக்கும் அந்தத் துண்டுக்கும் இடையில் உப்புத்தண்ணீர் போய்க் கறள் ஊதும்போதுதான் இறுகுகிறது. ஆகவே வெளிக்கூட்டைப் பிடித்து எவ்வளவு இழுத்தாலும் பிரயோசனம் இல்லை, பிடிப்பு உள்ளே இருக்கிறது.

நான் கேட்ட கராஜில், தண்டு முறிந்துவிடும், கியர்பொக்ஸையே மாற்ற வேண்டும் என்றார்கள். சொந்தக்காரர்களோ, "உதை ஸ்கிராப்புக்குக் குடுத்திட்டு 84 மாதக் கடனில புதுசு எடு" என்றார்கள். ஏழு வருடம் வங்கிக்குக் கட்டும் வாகனம் கௌரவம், காசு கொடுத்து வாங்கிய ஜீப் மானக்கேடு என்று எங்கள் ஆட்களில் பலர் நினைப்பது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம். கல்யாண மண்டப வாசலில் என்ன வாகனத்தில் வந்து இறங்குகிறோம் என்று பார்ப்பவர்கள், அதன் தவணைக்காக அந்த வீட்டில் இரண்டு பேர் இரவு வேலைக்குப் போவதைப் பார்ப்பதில்லை.

கழற்றும் முன் சுவிச்தான் பழுதா என்று உறுதி செய்யுங்கள். நியூட்ரலில் ஸ்ரார்ட் ஆகி, பார்க்கில் ஆகாமல், கியர் பிடியை ஆட்டினால் சிலவேளை பிடித்தால் சந்தேகம் சுவிச்சில்தான். செரோக்கியில் சுவிச்சின் இணைப்பைக் கழற்றி, மின்தொடர்பைச் சோதிக்கும் மல்ற்றிமீற்றரால் பாருங்கள். பார்க்கிலும் நியூட்ரலிலும் பி, சி முனைகளுக்கு இடையே தொடர்பு இருக்க வேண்டும். றிவேர்ஸில் ஏ, ஈ முனைகள்.

பிறகு சில்லுகளுக்கு அடை வைத்து, பற்றறியின் நெகற்றிவைக் கழற்றி, ஸ்டாண்டில் ஏற்றுங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போகவே கூடாது. புகைக்குழாய் ஆறியிருக்க வேண்டும். கியரை நியூட்ரலில் விட்டு, சுவிச் இப்போது நிற்கும் நிலையைக் கியர்பொக்ஸிலும் சுவிச்சிலும் சேர்த்துப் பெயின்றால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். தண்டின் நுனியில் உள்ள லீவரைக் கழற்றினால் சுவிச்சைப் பிடித்திருக்கும் நட்டும், காதுகள் மடிக்கப்பட்ட வாஷரும் தெரியும். காதுகளை நிமிர்த்திவிட்டு நட்டைக் கழற்றுங்கள். பக்கத்தில் இருக்கும் சிறிய போல்ட்டையும் எடுங்கள்.

இனி அவசரப்படாத வேலை. கறள் இளக்கும் எண்ணெயைத் தண்டும் சுவிச்சும் சேரும் இடத்தில் அடித்து ஓர் இரவு விடுங்கள், திரும்ப அடியுங்கள். நான் அந்த வார இறுதி முழுக்க வேறு வேலை செய்துகொண்டு இடையிடையே போய் அடித்தேன். சூடாக்க வேண்டுமென்றால் அடித்த எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு ஹீற் கன் போதும். நெருப்புச் சுவாலை வேண்டாம், சுவிச்சுக்குப் பின்னால் எண்ணெய் கசியாமல் காக்கும் ரப்பர் சீல் இருக்கிறது. சுத்தியலால் தண்டின் நுனியில் அடிக்கவே வேண்டாம். அந்த அடி கியர்பொக்ஸுக்கு உள்ளே தண்டோடு பொருத்திய பாகங்களுக்குத்தான் போகும். சிலர் இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர் போடுவார்கள். அதுவும் தண்டை உள்ளே அழுத்துவதுதான் என்பதால் நான் விரும்பவில்லை.

எனக்கு வெளிக்கூடு இரண்டாகப் பிரிந்து வந்தது, நடுத்துண்டு தண்டிலேயே நின்றது. இந்தக் கட்டத்தில்தான் பலர் கைவிட்டுவிட்டு வயரை முறுக்கப் போகிறார்கள். உண்மையில் வேலை இங்கே சுலபமாகிறது, ஏனென்றால் அந்தத் துண்டு இனி யாருக்கும் தேவையில்லை. சிறிய வெட்டுச் சக்கரத்தால் எதிரெதிராக இரண்டு இடத்தில் வெட்டினேன். தண்டைத் தொடுவதற்குச் சற்று முன்பே நிறுத்தி, வெட்டுக்குள் தட்டை ஸ்குரூட்ரைவரை வைத்துத் திருப்பினேன். டக் என்று வெடித்து விழுந்தது. தண்டில் ஒரு கீறல்கூட இல்லை. அந்த நேரம் எனக்கு வந்த சந்தோஷத்தை மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியும் முகக்கவசமும் போடாமல் வெட்ட வேண்டாம்.

உங்களுக்கு முழுதாகக் கழன்று வந்தால் உடனே புதிது வாங்காதீர்கள். கூட்டைத் திறந்து, கறுத்துப்போன செப்புத் தொடுமுனைகளை நுண்ணிய எமரித் தாளால் துடைத்து, மின் இணைப்புகளை ஈரத்திலிருந்து காக்கும் டயலெக்ற்றிக் கிறீஸ் பூசினால் பல சுவிச்சுகள் உயிர் பெறும். எதைப் பூட்டினாலும், முதலில் தண்டைத் துப்புரவாக்கி திரும்ப இறுகாமல் காக்கும் அன்ரி சீஸ் பசையை மெல்லியதாகப் பூசுங்கள். சுவிச்சில் உள்ள நியூட்ரல் கோடு தண்டின் தவாளிப்போடு நேராக வரும்படி திருப்பி, போல்ட்டை 13 நியூட்டன் மீற்றருக்கு மேல் இறுக்காமல், வாஷரின் இரண்டு காதுகளையாவது நட்டின்மேல் மடித்துவிடுங்கள்.

"வருடக்கணக்காக வயரை முறுக்கித்தான் ஓடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று கீழே எழுத ஆட்கள் வருவார்கள். பனியில் நடுவழியில் நின்றவர் வீடு வரை வருவதற்காக ஒருமுறை இணைத்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் அப்படியே விட்டு, சொல்லாமல் விற்பது வாங்குபவரின் பிள்ளைக்குச் செய்யும் துரோகம். செரோக்கியில் 1-2, 3 ஆகிய இடங்களில் கியர்பிடி நிற்பதையும் கியர்பொக்ஸின் கணினி இந்தச் சுவிச் மூலம்தான் அறிகிறது, ஆகவே வயரை முறுக்குவதால் வாகனம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது.

முடிந்ததும், முன்னாலும் பின்னாலும் ஆள் இல்லாத இடத்தில், கைபிறேக்கைப் போட்டு, காலால் பிறேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கியரை ஒவ்வோர் இடத்திலும் வைத்துச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். முறுக்கிய பழைய வயர் ஏதாவது இருந்தால் முதலில் அதைப் பிரித்து, சரியான முனைகளோடு பற்றவைத்து மூடியிருக்க வேண்டும். உங்கள் வாகனம் எது, எந்த ஆண்டு என்று எழுதவில்லை. எழுதினால், சுவிச் எந்தப் பக்கம் இருக்கும் என்று தெரிந்தவரை சொல்கிறேன்.