அடைப்புக்குறிக்குள் ஒரு அம்மா

கேள்வி: எனக்கு 51 வயது. திருநெல்வேலிப் பக்கம் சி.எஸ்.ஐ. குடும்பம். உலகம் போகிற போக்கு பயமாக இருக்கிறது. உக்ரைன், காசா என்று எங்கும் சாவு. சபைக்குள் தேர்தல், கேஸ், கோர்ட் என்று சண்டை. வீட்டில் டி.வி.யை எடுத்துவிட்டேன். அதிகாலை 4 மணிக்கு எழுந்து ஜெபிக்கிறேன். வெள்ளிதோறும் உபவாசம். தினமும் இரவு 8 முதல் 9.30 வரை நாற்பது குடும்பங்கள் செல்போனில் சேர்ந்து ஜெபிக்கிறோம். (அம்மாவுக்கு 82 வயது. இடுப்பெலும்பு உடைந்து படுக்கையில் இருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பதால் அறைக் கதவைச் சாத்திவிடுவோம்.) ஆனாலும் சமாதானம் இல்லை. இந்தக் காலத்தில் பரிசுத்தமாக வாழ்வது எப்படி? நம்பிக்கையை எங்கே தேடுவது?

பதில்: தம்பி, உங்கள் நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். ஆனால் அந்த அடைப்புக்குறி நான் போட்டதல்ல, நீங்களே போட்டது. போருக்கு ஒரு பக்கம், சபைத் தேர்தலுக்கு ஒன்றரைப் பக்கம், பெற்றவளுக்கு அடைப்புக்குறிக்குள் மூன்று வரி.

ஆறுதல் அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒன்று சொல்லுங்கள்: கதவைச் சாத்துவதோடு சரியா, வெளியே கொண்டியும் போடுகிறீர்களா? எட்டு மணிக்கு அம்மா எதற்குக் கூப்பிடுகிறார்? கடிதத்தில் அது இல்லை. தண்ணீருக்கா? புரள முடியாமல் முதுகு எரிகிறதா? ராத்திரிச் சாப்பாடு முடிந்த கொஞ்ச நேரத்தில் பெரியவர்களுக்கு ஒன்றுக்கு வரும். ஒன்றரை மணி நேரம் ஈரத்திலேயே கிடந்தால் தோல் என்ன ஆகும் என்று எந்த நர்ஸைக் கேட்டாலும் சொல்வார். இருட்டினால் சிலருக்கு மனக்கலக்கமும் வரும். பகலெல்லாம் தெளிவாகப் பேசியவர், "நான் எங்கே இருக்கேன்" என்பார். அந்த நேரத்தில் எதிரே ஒரு சாத்தின கதவு.

ஜெபிக்கும்போது கதவைப் பூட்டச் சொன்னவர் இயேசுதான், நான் மறுக்கவில்லை. மத்தேயு ஆறாம் அதிகாரத்தில், "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்று இருக்கிறது. உன் கதவை, தம்பி. அம்மாவின் கதவை அல்ல. அதுவும் நாலு பேர் காண ஜெபிக்கிறவர்களைக் கண்டித்துவிட்டுச் சொன்ன வார்த்தை. நீங்களோ நாற்பது குடும்பம் பார்க்கிற திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, பார்க்கக் கூடாதவர் என்று அம்மாவை மட்டும் உள்ளே வைத்துவிட்டீர்கள்.

பரிசுத்தம் எப்படி என்று கேட்டீர்கள். "பரிசுத்தராயிருங்கள்" என்று பேதுரு எழுதினாரே, அது லேவியராகமத்திலிருந்து எடுத்தது. 19ஆம் அதிகாரம், இரண்டாம் வசனம். அடுத்த வசனத்தைப் பாருங்கள்: தாய்க்கும் தகப்பனுக்கும் பயந்திரு. பத்துக் கட்டளையில் தகப்பன் முதலில் வருவார், இங்கே தாய் முதலில். இன்னும் கீழே போங்கள். வயலின் ஓரத்தை ஏழைக்கு விட்டு அறு. கூலிக்காரன் கூலியை விடியும்வரை வைத்திருக்காதே. செவிடனை நிந்திக்காதே. (இரண்டு வகை நூல் கலந்த துணி உடுத்தாதே என்றும் இருக்கிறது, அதை நாம் எல்லோரும் விட்டுவிட்டோம்.) அப்புறம் 32ஆம் வசனம்: நரைத்தவனுக்கு முன்பாக எழுந்திரு. உங்கள் வீட்டில் நரைத்த தலை கூப்பிட்டால் எழுந்திருப்பது கதவைச் சாத்த.

உங்கள் மாவட்டத்து டோனாவூரையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஊழியம் செய்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியாவுக்கு வந்தவர். தமிழ்ப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகச் சுவிசேஷம் சொல்லிக்கொண்டிருந்தார். 1901இல் கோயிலுக்கு விடப்பட்ட ஒரு சிறுமி தப்பி அவரிடம் வந்தாள். அவளுக்குப் பின் ஒவ்வொருத்தியாக வர வர, ஊர்ப் பயணம் குறைந்து, சோறூட்டுவதும் குளிப்பாட்டுவதுமே வேலையாகிவிட்டது. ஊழியம் தடைபட்டது என்று அவர் அந்தப் பிள்ளைகளைத் தனி அறையில் வைத்துச் சாத்தவில்லை. 1931இல் கீழே விழுந்து, 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையில்தான் இருந்தார். அப்போது அவரைப் பார்த்துக்கொண்டது அந்த வீடுதான்.

நானும் யோக்கியம் இல்லை. என் அப்பா கடைசி இரண்டு வருஷம் படுக்கையில் இருந்தார். முதல் ஆறு மாதம் ஆள் வைத்துத்தான் பார்த்தேன். பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் பொறுப்பு, எனக்கு ஏது நேரம்? ஒருநாள் அந்த ஆள் வரவில்லை. வயதானவர்களின் கால் நகம் கொம்பு மாதிரி தடித்திருக்கும், வெந்நீரில் ஊறவைத்தால்தான் நகவெட்டி இறங்கும். பேசினில் காலை வைத்துக் கழுவினேன். பெருவிரல் நகம் வளைந்து சதைக்குள் போய்ச் சீழ் வைத்திருந்தது. எத்தனை நாளாக வலித்ததோ. சொல்லாமல் இருந்தாரோ, சொன்னபோது நான் சங்கக் கூட்டத்தில் இருந்தேனோ.

உங்கள் அம்மாவுக்குத் துணி மாற்றுவது யார் என்றும் நீங்கள் எழுதவில்லை. அப்படியென்றால் உங்கள் மனைவி. மகன் செய்தால் என்ன?

காசாவுக்காக அழுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே உங்கள் கை எட்டாது, பக்கத்து அறைக்கு எட்டும். நம்பிக்கை எங்கே என்கிறீர்கள். ரோமருக்கு எழுதும்போது பவுல், உபத்திரவம், பொறுமை, பரீட்சை, அதற்குப் பிறகு நம்பிக்கை என்று வரிசையாக வைக்கிறார். முதல் மூன்றையும் கொண்டி போட்டு அடைத்துவிட்டு நாலாவதை மட்டும் கேட்டால் எப்படி வரும்?

இன்று ராத்திரி எட்டு மணிக்கு அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போடுங்கள். முதலில் துணி நனைந்திருக்கிறதா என்று பார்த்து மாற்றுங்கள். அப்புறம் குடும்பத்தோடு அங்கேயே உட்கார்ந்து, சின்ன வயதில் அவர் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கீர்த்தனையில் முதல் அடியைக் காதருகே பாடுங்கள். நேற்று நடந்ததை மறந்தவர்களில்கூடப் பலர் பழைய பாட்டை மறப்பதில்லை. இரண்டாம் அடியை அவர் எடுக்கிறாரா என்று பார்த்து, எந்தப் பாட்டு என்று எனக்கு எழுதுங்கள். நாலு பக்கம் வேண்டாம், ஒரு கார்டு போதும்.