நன்றாகத் துடித்த இதயத்தை ஏன் எடுக்கவில்லை?

கேள்வி: விபத்தில் தலையில் அடிபட்ட என் தம்பிக்கு மூளைச்சாவு என்று டாக்டர்கள் உறுதி செய்தார்கள். வயது 31. உறுப்புதானத்துக்குச் சம்மதித்தோம். சிறுநீரகங்களையும் கல்லீரலையும் எடுத்துக்கொண்டார்கள். இதயம் மட்டும் பலவீனமாக இருக்கிறது, எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவனுக்கு இதயத்தில் எந்தக் கோளாறும் இருந்ததில்லை. கடைசிவரை மானிட்டரில் துடித்துக்கொண்டுதான் இருந்தது. முடிவெடுக்க நாங்கள் ஒரு நாள் யோசித்தோம். அந்தத் தாமதத்தால்தான் கெட்டுப்போனதா?

பதில்: இல்லை அம்மா. முதலில் அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள். உங்கள் தம்பியின் இதயம் பெரும்பாலும் மூளை செத்துக்கொண்டிருந்த நேரத்திலேயே அடிபட்டிருக்கும். நீங்கள் யோசிக்கத் தொடங்கியதே அதற்கு அப்புறம்தான்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் தானம் தருபவர்களைக் கவனித்துக்கொள்வது என் வேலை. அங்கே பார்ப்பதையே சொல்கிறேன். அடிபட்ட மூளை வீங்கும்; மண்டையோட்டுக்குள் அதற்கு இடம் கிடையாது. மூளைத்தண்டு நசுங்கும்போது, எப்படியாவது அங்கே ரத்தத்தைச் சேர்த்துவிட வேண்டும் என்று உடம்பு கடைசியாக ஒரு முயற்சி செய்கிறது. அட்ரினலினும் நார்அட்ரினலினும் வெள்ளமாகக் கொட்டும். 120-இல் இருந்த பிபி சில நிமிடங்களில் 200-ஐத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ரத்தக்குழாய்கள் எல்லாம் இறுகிக் கிடக்க, அதை எதிர்த்து இதயம் பம்ப் செய்தாக வேண்டும். தசைக்குள் கால்சியம் மிதமிஞ்சி நுழைகிறது. சில நார்கள் இறுகியபடியே செத்துப்போகின்றன. இன்னும் பல சாகாமல் மரத்துப்போகின்றன. எவ்வளவு ஆரோக்கியமான இதயத்துக்கும் இது நேரலாம்.

1980-களில் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் இதய அறுவை மருத்துவர் டிமிட்ரி நோவிட்ஸ்கியும் அவருடைய குழுவினரும் பபூன் குரங்குகளில் இதை ஆராய்ந்தார்கள். உடம்பை அவசரநிலைக்கு முடுக்கிவிடும் சிம்பதெடிக் நரம்புகளில் இதயத்துக்குப் போகிறவற்றை முன்கூட்டியே துண்டித்திருந்த குரங்குகளில் இதயத்தசை தப்பியது. அதாவது, சேதம் நரம்பு வழியாகத்தான் இறங்குகிறது.

இந்தக் கொந்தளிப்பு ஓய்ந்ததும் எல்லாம் தலைகீழாகும். ரத்தக்குழாய்கள் தளர்ந்து பிபி சரியும். உடம்பில் நீரைத் தக்கவைத்து ரத்தக்குழாய்களையும் இறுக்கும் ஹார்மோன் வாசோபிரசின்; மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து அது வருவது நின்றால், சிறுநீர் பச்சைத் தண்ணீர்போலப் போய்க்கொண்டே இருக்கும். நர்ஸ் பையைக் காலி செய்துவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடி நிரம்பத் தொடங்கிவிடும். உடம்பில் நீர் வற்றி, சோடியம் ஏறும். பிபியைத் தூக்க நார்அட்ரினலினை அதிகம் ஏற்றினால், ஏற்கெனவே களைத்த இதயத்துக்கு அது இன்னொரு சுமை. அதனால்தான் வாசோபிரசினைக் கொடுத்து மற்றதைக் குறைக்கப் பார்ப்போம்.

சரி, துடித்ததே என்கிறீர்கள். துடிக்க இதயத்துக்கு மூளை தேவையில்லை. அதன் வலது மேலறையில் இருக்கும் சைனஸ் கணு தானாகவே மின்துடிப்பை உண்டாக்குகிறது. மானிட்டர் காட்டுவது அந்தத் தாளத்தைத்தான். எவ்வளவு பலமாக ரத்தத்தைத் தள்ளுகிறது என்பது இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேனான எக்கோவில்தான் தெரியும். இடது கீழறை தன்னிடம் உள்ள ரத்தத்தில் 55 சதவீதமாவது ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ள வேண்டும். மூளைச்சாவுக்குப் பிறகு அது 30-க்கு இறங்கியதைக் கண்டிருக்கிறேன், மானிட்டரில் அலைகள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே.

மாற்றிவைத்த சிறுநீரகம் வேலைசெய்யச் சில நாட்கள் எடுத்தாலும் டயாலிசிஸ் கைகொடுக்கும். இதயத்துக்கு அந்த அவகாசம் இல்லை. பொருத்திய உடனேயே முழு உடம்பையும் தாங்க வேண்டும். முக்கியமாக வலது கீழறை. பெறுபவருக்கு நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் கூடியிருந்தால் அதுதான் முதலில் திணறும்.

ஒரு விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முதல் எக்கோ மோசமாக இருக்கிறது என்பதற்காக ஓர் இளைஞரின் இதயத்தை ஒதுக்கிவிடக் கூடாது. மரத்துப்போன தசை மீளும். நீரையும் உப்பையும் சரிசெய்து, மருந்தின் அளவைக் குறைத்து, 12 முதல் 24 மணி நேரம் கழித்து மறுபடி எக்கோ எடுத்தால், நன்றாகச் சுருங்கும் இதயத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தைராய்டு ஹார்மோன் கொடுத்தால் கூடுதலாகத் தேறும் என்று வெகுகாலம் நம்பினோம். 2023-இல் வெளியான பெரிய ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. ஆக, நல்ல பராமரிப்பும் நேரமும்தான் வேண்டும். நீங்கள் யோசித்த அந்த ஒரு நாள் இதயத்துக்கு எதிரி இல்லை; தேற அதற்குக் கிடைத்த அவகாசம்.

உங்கள் தம்பிக்கு எத்தனை முறை எக்கோ எடுத்தார்கள், கடைசியில் என்ன அளவு வந்தது என்று உறுப்புமாற்று ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். தயங்க வேண்டாம். தானம் கொடுத்த குடும்பத்துக்கு அதைத் தெரிந்துகொள்ள எல்லா நியாயமும் இருக்கிறது.