ஆய்வு யாரிடம் திரும்பிப் போகவேண்டும்?

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

நான் பல்கலைக்கழக இறுதியாண்டு மாணவி. வாவிக்கரைக் கிராமமொன்றில் பிறந்து வளர்ந்தவள். மட்டக்களப்பு வாவியில் இறால் பிடிபடுவது குறைந்துவருவதைப் பற்றி ஆய்வு செய்கிறேன். வினாக்கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மீனவர் வீடுகளுக்குப் போய்வருகிறேன்.

ஒரு பெரியவர் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டே எல்லாக் கேள்விகளுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். நான் எழும்பும்போது, “மகள், இதற்கு முன்பும் இப்படித்தான் எழுதிக்கொண்டு போனார்கள். அதில் என்ன கண்டார்கள்?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

ஆய்வின் முடிவைத் தமிழில் எழுதி, அந்த ஊரிலேயே ஒரு கூட்டம் வைத்துச் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன். என் மேற்பார்வையாளர், “அது ஆய்வாளருடைய வேலையல்ல, ஆங்கிலச் சஞ்சிகையில் கட்டுரை வரும் வழியைப் பார்” என்கிறார். தோழிகளோ, “சனங்களுக்கு இதெல்லாம் விளங்காது, விளங்கினாலும் நம்பமாட்டார்கள். கொரோனாக் காலத்தில் பாணி வாங்க வரிசையில் நின்ற சனம்தானே” என்கிறார்கள். நான் நினைப்பது பிழையா? சரியென்றால் எங்கிருந்து தொடங்குவது?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் நினைப்பது சரி. மேற்பார்வையாளர் சொன்னதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். உங்கள் தோழிகளின் பேச்சுக்கு முதலில் பதில் சொல்லியாகவேண்டும். சனங்களுக்கு விளங்காது என்ற சொல்லை எங்கே கேட்டாலும் எனக்குப் பொறுக்காது.

1848ஆம் ஆண்டு, அப்போது பிரித்தானிய ஆட்சியில் இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் மட்டக்களப்புக்கு வந்தார். வாவியின் அடியிலிருந்து இசை கேட்கிறதாமே என்று விசாரித்தார். அவருக்கு விபரம் சொன்னவர்கள் இங்குள்ள மீனவர்கள். வறண்ட காலத்தில்தான் அந்த ஒலி கேட்கும், மழை பெய்து வாவியில் வெள்ளம் ஏறினால் நின்றுவிடும் என்றார்கள். அது மீனின் ஒலியல்ல, ஒருவகை ஊரியின், அதாவது ஓடுள்ள நீர் நத்தையின், ஒலி என்பது தங்கள் எண்ணம் என்றார்கள். தேடிக் கொண்டுவரச் சொன்னபோது உயிருள்ள ஊரிகளைக் கொண்டுவந்து காட்டினார்கள். அன்றிரவு நிலா எழுந்த பிறகு, கோட்டை வாசல் இறங்குதுறையிலிருந்து சுமார் 200 யார் தூரம் அவரைத் தோணியில் ஏற்றிப்போய் இடத்தையும் காட்டினார்கள். தோணியின் மரத்தில் காதை வைத்துக் கேட்டால் ஒலி பெருகியது என்று டெனன்ட் எழுதியிருக்கிறார்.

எந்த இடத்தில், எந்தக் காலத்தில், என்ன மாறினால் ஒலி நிற்கும், அதற்கு என்ன காரணமாக இருக்கலாம், அந்தக் காரணத்தைச் சோதிக்க என்ன மாதிரி வேண்டும் என்ற அத்தனையும் அந்த மீனவர்கள் சொன்னதில் இருக்கிறது. அவர்கள் சொன்ன காரணம் சரியா பிழையா என்பது வேறு விடயம். சோதித்துப் பார்க்கக்கூடிய விதத்தில் சொன்னார்களே, அதுதான் அறிவியல் மனம். புத்தகம் லண்டனில் அச்சானது. அந்த மீனவர்களில் ஒருவருடைய பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

அந்த வழக்கம் இன்னும் போகவில்லை என்பதுதான் என் ஆதங்கம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாவலடி, கல்லடி, மருதமுனை, சாய்ந்தமருது என்று கரையோரம் முழுவதும் படிவங்களோடு வந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அரசாங்கம், தொண்டு நிறுவனங்கள், உள்நாட்டு மாணவர்கள், வெளிநாட்டு ஆய்வாளர்கள். தற்காலிகக் கொட்டிலில் இருந்த ஒரு தாயை எனக்குத் தெரியும். கோவையோடு யார் வந்தாலும், பொலித்தீன் பையிலிருந்து அடையாள அட்டைப் பிரதியையும் இறப்புச் சான்றிதழ்ப் பிரதியையும் எடுத்துப் பாயில் பரப்பிவிடுவார். கேள்வி வருவதற்கு முன்பே பதிலைத் தொடங்கிவிடுவார்: வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் போனார்கள், கிணறு எத்தனை நாளில் இறைத்தார்கள். எந்தப் படிவத்தில் எந்தக் கேள்வி எத்தனையாவதாக வரும் என்பதுகூட அவருக்குப் பாடமாகியிருந்தது. அவருடைய பதில்களிலிருந்து யாரோ பட்டம் பெற்றிருப்பார்கள். அவருக்கு ஒரு தாள்கூடத் திரும்பி வரவில்லை. அடுத்த முறை யாராவது ஆய்வு என்று வந்தால் அவர் கதவைச் சாத்தினால், அதற்குப் பெயர் அறியாமையா?

இனி நம்பிக்கை. பாணி வாங்க வரிசையில் நின்றவர்களைக் குறை சொல்கிறார்கள். 2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர் கொரோனாவுக்கு மருந்தென்று காய்ச்சிக் கொடுத்த பாணியைச் சுகாதார அமைச்சரே எல்லோருக்கும் முன்னால் குடித்துக் காட்டினார். அதிகாரம் கைகாட்டிய இடத்துக்குச் சனம் போனது. அதே மாதங்களில் அதே அதிகாரம், கொரோனாவில் இறந்தவர்களைப் புதைத்தால் நிலத்தடி நீர் கெட்டுவிடும், எரித்தே ஆகவேண்டும் என்றது. உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்று சொல்லியிருந்தது. இங்கே நிபுணர் குழு சொல்கிறது என்ற ஒரு வசனத்தைத் தவிர, எந்த நீரில் எதை அளந்தீர்கள் என்று கேட்டவர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. பிறந்து 20 நாளான முஸ்லிம் பிள்ளையையும் எரித்தார்கள். கொழும்பில், பொரளை மயானத்து வேலியில் மக்கள் எதிர்ப்பாக வெள்ளைத் துணி கட்டினார்கள். காத்தான்குடியிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் எத்தனை முஸ்லிம் வீடுகளில் அந்த நாட்களில் அடுப்பு எரியவில்லை என்பதை நாம் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள். 2021 பெப்ரவரியில்தான் புதைக்க அனுமதி வந்தது. மார்ச் மாதம் முதல் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் உடல்களை நம் மாவட்டத்து ஓட்டமாவடிக்கு, மஜ்மா நகருக்குக் கொண்டுவந்து அடக்கினார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது.

அந்தக் காலத்தில் அறிவியலின் பெயரால் பேசியவர்கள் ஆதாரத்தை மேசையில் வைக்கவில்லை. ஆதாரத்தைக் கேட்டவர்கள், தகப்பனையும் பிள்ளையையும் பறிகொடுத்த சாதாரண மனிதர்கள். அப்படியென்றால் யாரிடம் அறிவியல் மனம் இருந்தது? இதை உங்கள் தோழிகளிடம் கேளுங்கள். முடிவை மட்டும் மேடையில் நின்று அறிவித்துவிட்டு நம்பு என்றால், மக்கள் அதையும் பாணியையும் ஒரே தட்டில்தான் வைப்பார்கள். எப்படிக் கண்டோம், எவ்வளவு தூரம் உறுதி, எது இன்னும் தெரியாது என்று சேர்த்துச் சொல்லும்போதுதான் கேட்பவருக்கு எடைபோட ஏதாவது கையில் இருக்கும்.

2021 மே மாதம் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோதும் இதைப் பார்த்தோம். விளைச்சல் விழும் என்று விவசாய விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். சம்மாந்துறை வட்டையில் நின்ற விவசாயிக்கும் அது தெரியும். ஆனால் இரண்டு குரலும் ஒன்றுசேர ஒரு மேடை இருக்கவில்லை. நவம்பரில் தடை விலகியபோது பெரும்போகத்துக்கு விதைத்தாகிவிட்டது.

உங்கள் மேற்பார்வையாளர் மீது கோபப்படாதீர்கள். பதவி உயர்வுக்குப் புள்ளி போடும்போது சர்வதேசச் சஞ்சிகையில் வந்த கட்டுரைக்கு இருக்கும் எடை, மீனவர் சங்கத்தில் பேசிய ஒரு மாலைக்கு இல்லை. இது நம் நாட்டு நோய் மட்டுமல்ல. சஞ்சிகையின் மதிப்பெண்ணை வைத்து ஆய்வாளரை எடைபோடாதீர்கள் என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய பிரகடனத்தில் உலகெங்கும் ஆயிரக்கணக்கான நிறுவனங்களும் ஆய்வாளர்களும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்ட இடங்களிலும் பழக்கம் மெதுவாகத்தான் மாறுகிறது. ஆங்கிலக் கட்டுரையை நீங்கள் கட்டாயம் எழுதவேண்டும். வேறு நாட்டுக் களப்புகளை ஆராய்ந்தவர்கள் உங்கள் கணக்கைச் சரிபார்க்க அதுதான் வழி. தமிழில் சொல்வதை அதற்குப் பதிலாகச் செய்யாதீர்கள், அதோடு சேர்த்துச் செய்யுங்கள்.

தொடங்கும் இடம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. முன்பு வந்தவர்கள் என்ன கண்டார்கள் என்று அந்தப் பெரியவர் கேட்டாரே, அதைத் தேடிக் கண்டுபிடியுங்கள். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள பல்கலைக்கழக நூலகங்களில் கேளுங்கள், கடற்றொழில் திணைக்களத்தில் கேளுங்கள். கிடைத்தால் வாசித்துவிட்டுப் போய் அவரிடம் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால், தேடினேன் கிடைக்கவில்லை என்று போய்ச் சொல்லுங்கள். உங்கள் ஆய்வு முடியும்வரை இதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் வினாக்கொத்தில் மாத வருமானம் என்று ஒரு கட்டம் இருக்கும், இல்லையா? பெரும்பாலான படிவங்களில் இருக்கிறது. வாவித் தொழில் செய்பவருக்கு மாதக் கணக்கு ஏது? வெள்ளக் காலம் வேறு, முகத்துவாரம் வெட்டிய பிறகு வேறு, வறண்ட காலம் வேறு. பிடித்ததில் தோணிக்காரருக்குப் பங்கு, வலைக்குப் பங்கு. நீங்கள் கேட்டதற்காக அவர் மனதுக்குள் எதையோ கூட்டிக் கழித்து ஒரு தொகை சொல்வார். நீங்கள் அதை எழுதிக்கொள்வீர்கள். பிறகு அதற்குச் சராசரியும் எடுப்பீர்கள். கேள்விகளை அச்சடிப்பதற்கு முன்பு அனுபவசாலிகளான மூன்று நான்கு மீனவர்களோடு உட்கார்ந்து, இதை எப்படிக் கேட்பது என்று கேட்டிருந்தால் அந்தக் கட்டம் வேறு விதமாக இருந்திருக்கும். மக்களோடு சேர்ந்து ஆய்வு செய்வது என்று பெரிதாகச் சொல்லப்படும் விடயம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. கடைசி நாள் கூட்டத்தில் போய்த் தொடங்கினால் காலம் கடந்துவிடும். மிச்சமுள்ள வீடுகளுக்காவது கேள்வியைத் திருத்துங்கள், திருத்தியதை ஆய்வேட்டில் மறைக்காமல் எழுதுங்கள்.

முடிவைச் சொல்லப் போகும்போது தனியாகக் கூட்டம் கூட்டாதீர்கள். மீனவர் சங்கம் கூடும் நாளில் அரைமணி நேரம் கேளுங்கள். இரவில் தொழிலுக்குப் போனவர்கள் முற்பகலில் தூங்குவார்கள், அந்த நேரத்தில் போய் நிற்காதீர்கள். இரண்டு பக்கம் போதும். என்ன கேட்டோம், எத்தனை வீட்டில் கேட்டோம், என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை. தங்கூசி வலை (ஒற்றை இழை நைலோன் வலை) போடுவதாக யாராவது உங்களை நம்பிச் சொல்லியிருந்தால், அது யார் என்று ஊகிக்கக்கூட இடம் வைக்காமல் எழுதுங்கள். சட்டவிரோத வலை, நாளைக்கு அவர் வீட்டுக்கு அதிகாரி வந்தால் அதற்குக் காரணம் நீங்கள். ஆனால் அந்த வலைதான் இறால் குஞ்சுகளை அழிக்கிறது என்று உங்கள் தரவு காட்டினால், சபையிலேயே அதைச் சொல்லவேண்டும். சத்தம் வரும். வரட்டும். ஆற்றில் இறங்கும் விவசாய நஞ்சைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்பார்கள். அது நியாயமான கேள்வி என்றால் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த மாணவருக்கு அதுதான் தலைப்பு. நிவாரணமோ வலையோ வாங்கித் தருவதாக மட்டும் வாய்தவறியும் சொல்லிவிடாதீர்கள்.

இது நமக்குப் புதிய வழியும் அல்ல. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் அறிவியல் பட்டதாரி. பழைய யாழ்களைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதிய யாழ்நூலை, 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேற்றினார். தான் கணக்கிட்டபடி செய்த யாழ்களைச் சபைக்குக் கொண்டுவந்து மீட்டச் செய்தார். கணிதம் தெரிந்தவர் கணக்கைப் பார்க்கலாம், செவி உள்ளவர் நரம்பைக் கேட்கலாம். அடுத்த மாதமே அடிகள் காலமாகிவிட்டார். உடல் தளர்ந்திருந்த நிலையிலும் அந்தச் சபைக்கு அவர் போனார் என்பதை எப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறையும்.

ஒரு மாணவியின் நல்ல மனதை மட்டும் நம்பி இது நீடிக்காது என்பதும் தெரியும். கேரளத்தில் 1962இல் தொடங்கிய சாஸ்திர சாகித்ய பரிஷத், மலையாளத்தில் அறிவியல் எழுதும் சிலருடைய சங்கமாகத்தான் ஆரம்பித்தது. பிறகு அமைதிப் பள்ளத்தாக்கு அணைத் திட்டத்தைத் தானே ஆராய்ந்து மக்கள் முன் வைக்கும் அளவுக்கு வளர்ந்தது. நெதர்லாந்தில் 1970களிலிருந்து, ஊர்ச் சங்கங்கள் தங்கள் கேள்வியைக் கொண்டுவந்து கொடுக்க, மாணவர்கள் அதை ஆராய்ந்து விடை தரும் நிலையங்களைப் பல்கலைக்கழகங்கள் நடத்தின. கிழக்குப் பல்கலைக்கழகமும் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இப்படி ஆளுக்கொரு மேசை போட்டால், படுவான்கரை விவசாயியும் ஒலுவில் மீனவரும் கேள்வியோடு வருவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதுவரை குறைந்தது ஒன்றைச் செய்யலாம்: ஒவ்வோர் இறுதியாண்டு ஆய்வேட்டுக்கும் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் கட்டாயம், அதன் ஒரு பிரதி அந்த ஊர்ப் பொது நூலகத்துக்கு. இதற்குப் பணம் தேவையில்லை. பீடம் தீர்மானித்தால் போதும். அடுத்த பீடக் கூட்டத்துக்கு முன் உங்கள் மாணவர் பிரதிநிதிகள் மூலம் எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் இரண்டு பக்கம் தயாரானதும் எனக்கு அனுப்புங்கள். இந்தத் தளத்தில் வெளியிடுகிறேன். ஆனால் சங்கத்தில் வாசித்து, அவர்கள் திருத்தச் சொன்னதைத் திருத்திய பிறகு அனுப்புங்கள். அம்பாறைப் பக்கம் வயலிலோ கடற்கரையிலோ ஆய்வு செய்யும் மாணவர்கள் இதை வாசித்தால் அவர்களும் எழுதலாம்.

அன்புடன்