குடலில் மாட்டிய பித்தப்பைக் கல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பித்தப்பையில் இருந்த கல் குடலுக்கு எப்படிப் போகும்?

பதில்: பித்தக்குழாய் வழியாகத்தானே என்று நினைப்பீர்கள், ஆனால் குடலை அடைக்கிற அளவு பெரிய கல் அதில் நுழையாது. கல்லால் அடிக்கடி வீங்கிப் புண்ணாகும் பித்தப்பை, பக்கத்தில் இருக்கும் முன்சிறுகுடலோடு ஒட்டிக்கொள்ளும். கல் அழுத்தி அழுத்தி ஒருநாள் இரண்டு சுவரையும் அரித்து ஓட்டை போட்டு உள்ளே இறங்கிவிடும். சின்னக் கல் மலத்தோடு வெளியேறிவிடும். 2.5 செ.மீ.க்கு மேல் என்றால் பெரும்பாலும் சிறுகுடலின் கடைசியில், பெருங்குடலோடு சேரும் இடத்துக்குச் சற்று முன்னால் மாட்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. வாந்தியும் வயிற்று உப்பசமும் வருகிறது, ஒரு நாள் விட்டு மறுபடி வருகிறது. கேஸ் தொல்லையா?

பதில்: அப்படி விட்டுவிடாதீர்கள். கல் ஓரிடத்தில் மாட்டும், நகரும், இன்னோரிடத்தில் மாட்டும். நடுவில் வலி குறைவதைப் பார்த்து வீட்டில் எல்லாரும் சரியாகிவிட்டது என்று நம்பிவிடுவார்கள். இந்த நோய் அதிகம் வருவதே வயதான பெண்களுக்குத்தான். வாந்தி பச்சையாகவோ மலவாடையோடோ இருந்தாலும், காற்றுகூடப் பிரியவில்லை என்றாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். பேதி மருந்து வேண்டவே வேண்டாம்.

கேள்வி: எக்ஸ்ரேயில் கல் தெரியவில்லையே?

பதில்: கால்சியம் குறைந்த கல் எக்ஸ்ரேயில் விழாது. வீங்கிய சிறுகுடல், பித்தக்குழாய்களில் காற்று, இருக்கக்கூடாத இடத்தில் கல் என்ற மூன்று அடையாளங்களை ரிக்லர் என்ற எக்ஸ்ரே நிபுணர் 1941இல் எழுதினார். மூன்றும் ஒரே எக்ஸ்ரேயில் கிடைப்பது அபூர்வம், சி.டி. ஸ்கேனில்தான் தெளிவாகப் பிடிபடும். முன்பு ஈ.ஆர்.சி.பி. (வாய் வழியாகக் குழாய் விட்டுப் பித்தக்குழாயைச் சரிசெய்யும் சிகிச்சை) செய்தவர்களுக்கும் பித்தக்குழாயில் காற்று இருக்கலாம், அதை டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கல்லை எடுத்தார்கள், பித்தப்பையை அப்படியே விட்டுவிட்டார்கள். ஏன்?

பதில்: என் கருத்தில் பெரும்பாலானோருக்கு அதுதான் சரி. நோயாளி வயதானவர், நாள்கணக்கில் வாந்தி எடுத்து உடம்பில் நீர் வற்றியிருக்கும், சர்க்கரையும் இதய நோயும் கூட இருக்கும். முதலில் சலைன் ஏற்றி, மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் காலி செய்து, அப்புறம்தான் ஆபரேஷன். மாட்டிய இடத்தில் குடல் நைந்திருக்கும் என்பதால் கல்லை மெல்ல மேலே தள்ளி, நல்ல பகுதியில் நீளவாக்கில் கீறி எடுத்துவிட்டு, உள்வழி குறுகாமல் இருக்க அகலவாக்கில் தைப்போம். பிறகு குடல் முழுவதையும் கையால் தடவிப் பார்ப்பது கட்டாயம், ஏனென்றால் இன்னொரு கல் பின்னால் வரலாம். எடுத்த கல்லின் ஒரு பக்கம் பட்டையாகத் தேய்ந்திருந்தால் அந்தச் சந்தேகம் இன்னும் கூடும். பித்தப்பையையும் ஓட்டையையும் அதே மேஜையில் சரிசெய்யப் போனால் ஆபரேஷன் நீளும், ஆபத்தும் கூடும். பலருக்கு அந்த ஓட்டை தானாகவே மூடிவிடும். பிறகும் வலியோ காய்ச்சலோ வந்தால், அல்லது பித்தப்பையில் கல் மிச்சமிருந்தால், உடம்பு தேறிய பிறகு தனியாகச் செய்துகொள்ளலாம்.